உப்புவெளியில் ஓர் அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட்

ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய மிட்சுபிஷி அவுட்லாண்டர் பி.எச்.ஈ.வி. (பிளக்கில் சார்ஜ் செய்யக்கூடிய ஹைபிரிட்) வாகனம் ஒன்றை வாங்கி, திருகோணமலை நகருக்கு அருகே உப்புவெளியிலுள்ள வீட்டில் வைத்து ஓராண்டுக்கு மேலாக ஓட்டி வருகிறேன். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு ஒற்றை விடை கிடையாது. வாகனத்தை இரவில் எங்கே நிறுத்துகிறோம், அங்கே சார்ஜ் செய்ய முடியுமா என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

2013இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்தத் தலைமுறையில், தரைக்கு அடியில் 12 கிலோவாட்-மணி லித்தியம்-அயன் பற்றரியும், முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் தனித்தனியே 60 கிலோவாட் மோட்டார்களும், 2 லீற்றர் பெற்றோல் எஞ்சினும், அது சுழற்றும் மின்பிறப்பாக்கியும் உள்ளன. சாதாரண ஹைபிரிட்டின் சிறிய பற்றரி எஞ்சினாலும் பிறேக் பிடிக்கும்போது மீளும் சக்தியாலும் மட்டுமே நிரம்பும். இதையோ வீட்டுச் சுவரிலிருந்தே நிரப்பலாம். பற்றரி குறைந்து எஞ்சின் இயங்கத் தொடங்கிய பின்னும், ஏறக்குறைய 65 கிலோமீற்றர் வேகம் வரை அது சில்லுகளைத் தொடுவதில்லை. மின்சாரத்தை உண்டாக்கி மோட்டார்களுக்குக் கொடுப்பதோடு நின்றுகொள்கிறது. அதற்கு மேற்பட்ட வேகத்தில்தான், விசையை மின்னாக்கி மறுபடியும் விசையாக்கும் இழப்பைத் தவிர்ப்பதற்காக, ஒரு கிளச் எஞ்சினை முன் சில்லுகளுடன் நேரடியாக இணைக்கிறது. படிப்படியாக மாறும் கியர்கள் இல்லாததால் ஓட்டம் வழுக்கிச் செல்வதுபோல் இருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுவே.

ஜப்பானியச் சோதனையில் ஒரு சார்ஜுக்கு 60.2 கிலோமீற்றர் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், வயதான பற்றரியோடும் எங்கள் வெயிலில் ஓயாத ஏசியோடும் அதில் பாதியை எதிர்பார்ப்பதே நியாயம். அந்தப் பாதியிலேயே நகருக்குப் போய்வருவதும், நிலாவெளிக்குப் போய்த் திரும்புவதும் முடிந்துவிடுகின்றன. ஏசியும் மின்சாரத்தில் இயங்குவதால், கோணேசர் கோயிலடியில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் வேளைகளில் எஞ்சின் உறுமாமல் வாகனம் குளிர்ந்திருக்கிறது.

கொழும்புப் பயணம் வேறு கணக்கு. ஏறக்குறைய 260 கிலோமீற்றரில், கந்தளாயை எட்டும் முன்பே சார்ஜ் தீர்ந்துவிடும். எனவே புறப்படும்போதே 'சேவ்' பொத்தானை அழுத்தி, நெடுஞ்சாலையை எஞ்சினிடம் விட்டு, சேமித்த மின்சாரத்தைக் கொழும்பின் நெரிசலில் செலவிடுகிறேன். எஞ்சின் மிக வீணாக எரிப்பது நின்று நின்று நகரும் இடத்தில்தான் என்பதால், இப்பழக்கம் எனக்குக் கண்கூடாகப் பெற்றோலை மிச்சப்படுத்தியது. மாறாக, சார்ஜ் செய்யவே வழியில்லாத ஒருவர் இதை வாங்கினால், பயன்படாத பற்றரியின் சுமையைப் பெற்றோல் எரித்து இழுத்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சாதாரண ஹைபிரிட்டே பொருத்தமானது.

மின்கட்டணத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஒருமுறை நிரப்ப ஏறக்குறைய 10 அலகு தேவை. தினமும் நிரப்பினால் மாதத்துக்கு 300 அலகு கூடி, வீட்டுப் பாவனையை 180 அலகுக்கு மேற்பட்ட உச்சப் படிக்குத் தள்ளிவிடும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறையும் நேரவாரிக் கட்டணத்தை மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். கூரையில் சூரியப் படலம் உள்ளவர்களுக்கு இன்னும் நல்லது. சார்ஜ் செய்யும் பிளக்குக்குத் தனி வயர் இழுத்து, எர்த்தைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்காக முழுச் சுமையில் ஓடும் மின்சாரம், கடற்காற்றில் துருவேறிய பழைய பிளக்கைச் சூடாக்கி உருக்கிவிடும். எங்கள் வீட்டில் ஒரு பிளக் அப்படித்தான் கருகியது.

பழைய வாகனத்தை வாங்குவோர் ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரைவிடப் பற்றரியையே நம்ப வேண்டும். புதிதில் 40 ஆம்பியர்-மணி இருந்த கொள்ளளவு இப்போது எவ்வளவு என்பதை ஓ.பி.டி. கருவியை (வாகனத்தின் கணினித் தகவல்களைப் படிக்கும் சிறு கருவி) கைபேசியோடு இணைத்துப் பார்க்கலாம். எனக்கு விற்றவர் அதற்குத் தயங்கினார். நான் விடாமல் நின்று பார்த்த பின்னரே முற்பணம் கொடுத்தேன். மேலதிகச் சில்லு வைக்க இதில் இடமில்லை, பஞ்சரை அடைக்கும் ஒட்டுமருந்துப் பெட்டி மட்டுமே வரும். கொழும்பு வழியிலுள்ள ஹபரணைக் காட்டுப் பாதையில் இருட்டிய பின் யானைகள் இறங்குவதால், பஞ்சராகி அங்கே காத்து நிற்க முடியாது. அதனால் நான் பின்புறத்தில் ஒரு முழுச் சில்லைக் கட்டி வைத்துக்கொண்டே புறப்படுகிறேன்.