மொச்சை முதல் வஞ்சிரம் வரை: வீட்டு ஃப்ரீசரில் எது எத்தனை மாதம் தாங்குகிறது

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குத் துணையாக 100 லிட்டர் டீப் ஃப்ரீசர் ஒன்று பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூடியை மேல்நோக்கித் திறக்கும் பெட்டி வகை. வீடு தென்சென்னையில், மீனும் இறைச்சியும் தவறாமல் சமைக்கும் குடும்பம். பெட்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மாதம் வைக்கலாம்?" என்பதுதான். இதற்கு ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. மைனஸ் 18 டிகிரியில் இடைவிடாமல் உறைந்திருக்கும் உணவில் கிருமிகள் பெருகுவதில்லை. எனவே, ஓராண்டு ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் அது வயிற்றைக் கெடுத்துவிடாது. ஆனால் சுவையும் பதமும் அதற்கு வெகு முன்பே போய்விடலாம். எவ்வளவு முன்பு என்பது குளிரையும், பைக்குள் மிஞ்சிய காற்றையும், பொருளில் இருக்கும் கொழுப்பையும் பொறுத்தது.

குளிரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பெட்டியின் குமிழில் 1 முதல் 7 வரை எண்கள்தான் உண்டு, டிகிரி இல்லை. நடுவில் வைத்தால் போதும் என்றார் விற்றவர். உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தோம். மார்கழியில் மைனஸ் 20க்கும் கீழே இறங்கிய அதே எண், மே மாத மதியத்தில் மைனஸ் 14ஐத் தொடவே திணறியது. அந்த நிலையிலும் கிருமி வளராது என்றாலும், கொழுப்பு காறிப்போகும் வேகம் கூடிவிடும். அதனால் சித்திரை பிறந்ததும் குமிழைக் கூட்டிவிடுகிறோம். ஃப்ரீசர் வாங்குகிறவர்கள் அன்றைக்கே ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

ஃப்ரிட்ஜின் மேலறையை மட்டும் நம்பியிருப்பவர்கள் அதன் கதவில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. மின்சிக்கனத்துக்காக ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் வேறு, இவை வேறு. ஒரு நட்சத்திர அறையில் மாதக்கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில், படியும் ஐஸைக் கரைப்பதற்காகச் சிறு ஹீட்டர் ஒன்று அவ்வப்போது இயங்கும். அந்த ஏற்ற இறக்கமும் உள்ளே சுழலும் காற்றும் சேர்ந்து பொருளை உலர்த்திவிடுகின்றன. ஒரே நாளில் வாங்கிய இறாலில் பாதியை அங்கேயும் பாதியைப் பெட்டியிலும் வைத்திருந்தோம். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது, ஃப்ரிட்ஜில் இருந்தவை ஓரம் வெளுத்து வறண்டிருந்தன. பனிக்கட்டி நீராகாமலேயே ஆவியாகிப் போவதால் வரும் கேடு இது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த இறாலைத் தொக்கு செய்தாலும் நார் மாதிரிதான் இருக்கும்.

நாங்கள் இந்தப் பெட்டியை வாங்கியதற்குக் காரணமே மொச்சைதான். மார்கழியிலும் தையிலும் சந்தையில் குவிகிற பச்சை மொச்சை மாசி முடிவதற்குள் காணாமல் போய்விடும். பொங்கல் வாரத்தில் மொத்தமாக வாங்கி, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து உரித்துவிடுவோம். முதல் ஆண்டு ஒரு பங்கை அப்படியே பச்சையாகப் பையில் கட்டினோம்; இன்னொரு பங்கைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆறவிட்டு, ஈரம் போகத் துணியில் உலர்த்திக் கட்டினோம். பச்சையாகப் போனது இரண்டே மாதத்தில் வைக்கோல் வாடை அடித்தது. காயில் இருக்கும் நொதிகள் குளிரில் சோம்பிக் கிடக்குமே தவிர, வேலையை நிறுத்துவதில்லை. அவற்றை அடக்குவது அந்தக் கொதிநீர்தான். கொதிநீர் கண்ட மொச்சை ஆடி மாதம் வரை நிறம் மாறாமல் இருந்தது. ஆடிக்கூழுக்கு வைக்கும் கருவாட்டுக் குழம்பில் காய்ந்த மொச்சைக்குப் பதில் பச்சை மொச்சையைப் போட்டுச் சாப்பிட்ட அன்றே பெட்டிக்குக் கொடுத்த பணம் வந்துவிட்டதாக நினைத்தேன். தீபாவளிக்கு எடுத்த கடைசிப் பையில் தோல் தடித்து ருசி மங்கியிருந்தது. எட்டு மாதத்தோடு முடித்துவிடுவதே சரி. தோலையும் பிதுக்கி எடுத்த பருப்பு இன்னும் சீக்கிரம் உலர்கிறது; அதற்கு நான் நான்கு மாதம்தான் கொடுப்பேன். பச்சைப் பட்டாணிக்கும் இதே முறைதான், ஒன்றரை நிமிடம் போதும். எதுவானாலும் முதலில் தட்டில் பரப்பி உறையவைத்துவிட்டுப் பிறகு பையில் போட்டால், ஒன்றோடொன்று ஒட்டாமல் வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம்.

அடுத்தது மீன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. முன்பு 45 நாட்களாக இருந்த தடைக்காலம் 2017 முதல் 61 நாட்கள். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் குறைவாக வரும், விலையும் ஏறியிருக்கும். அதனால் ஏப்ரல் தொடக்கத்திலேயே காசிமேட்டுக்குப் போய் வாங்கிவந்துவிடுகிறோம். மீனில் ஆயுளைத் தீர்மானிப்பது கொழுப்பு. மத்தி, ஐலை போன்ற எண்ணெய் மீன்களுக்கு இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. அதன்பின் மஞ்சளும் புளியும் எவ்வளவு சேர்த்தாலும் காறல் வாடை அடங்காது. சங்கரா, கொடுவா போன்ற மெலிந்த மீன்கள் ஆறு மாதம் தாங்குகின்றன. வஞ்சிரத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை மூன்று மாதம். தடைக்காலத்தைக் கடக்க அது தாராளம். வஞ்சிரத் துண்டுகளை உறையவைத்த பிறகு குளிர்ந்த நீரில் ஒருமுறை முக்கி மீண்டும் உறையவைத்தால், மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ் படிந்து காற்றைத் தடுக்கிறது. இறாலைச் சுத்தம் செய்து, டப்பாவில் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி உறையவைப்போம். அது ஆறு மாதத்துக்குக் குறையாமல் நன்றாக இருக்கிறது.

மீன் விஷயத்தில் ஒன்றை மட்டும் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வஞ்சிரம், ஐலை, சூரை போன்ற மீன்கள் பிடிபட்டபின் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். உறையவைத்தாலும் அது போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஐஸில் புதைந்திருந்த மீனை வாங்கி, வழியிலும் ஐஸிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டும். மதியம்வரை தட்டில் காய்ந்த மீனை மலிவு என்று வாங்கிப் பெட்டிக்குள் தள்ளினால் எந்தக் குளிரும் காப்பாற்றாது.

இறைச்சிக்கு இத்தனை யோசனை தேவையில்லை. கோழித் துண்டுகள் ஒன்பது மாதம் வரை, எலும்போடு ஆட்டுக்கறி ஆறு மாதம், கொத்துக்கறியும் ஈரலும் மூன்று மாதம். கோழி எந்தத் தெருவிலும் கிடைக்கிறது. அதற்காகப் பெட்டியில் இடம் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சமைத்தவற்றில் குழம்பு, தொக்கு வகைகள் இரண்டு, மூன்று மாதம் சுவை குறையாமல் இருக்கின்றன. உருளைக்கிழங்கு போட்ட சாம்பாரை மட்டும் வைக்க வேண்டாம், கிழங்கு மணல் மணலாகிவிடும். வேகவைத்த முட்டையின் வெள்ளை ரப்பராகிவிடும். தயிர் திரிந்து நீர் பிரியும். கறிவேப்பிலை கறுத்து, வாசனையையும் இழக்கிறது. அவித்த இட்லி ஒரு மாதம் நன்றாகவே இருக்கிறது. உறைந்தபடியே இட்லிப் பானையில் வைத்து ஆவி காட்டினால் போதும். துருவிய தேங்காய் ஆறு மாதம் வருகிறது, சட்னிக்குக்கூடக் குறை தெரிவதில்லை. தேங்காய்ப்பால் பிரிந்துவிடும், குழம்புக்கு ஆகும், ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ள ஆகாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் மூன்றாம் நாள்தான் மின்சாரம் வந்தது. நிரம்பிய ஃப்ரீசர் மூடியைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம்தான். அதனால்தான் காலி இடங்களில் எப்போதும் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைக்கிறேன். மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு பையாக அழுத்திப் பார்த்தோம். அடியில் இருந்த இறால் டப்பாக்கள் கல்லாகவே இருந்தன. நடுத்தட்டில் ஓரம் இளகி, உள்ளே இன்னும் ஐஸ் இருந்தவற்றை மீண்டும் உறையவிட்டு அந்த வாரமே சமைத்தோம். மேலே இருந்த கொத்துக்கறி முழுக்க இளகியிருந்தது. வாடை ஏதும் இல்லாவிட்டாலும் அதைக் கொட்டிவிட்டோம். வீட்டில் இல்லாத நாட்களில் இப்படி நடந்தால் எப்படித் தெரியும்? ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் இடையில் எல்லாம் இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அப்போது மீனையும் இறைச்சியையும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

பெட்டி வகையில் குறைகளும் உண்டு. அடியில் போனது கண்ணில் படாது. அதனால் காய்க்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று என்று கூடைகள் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு பையிலும் பொருளும் மாதமும் எழுதி ஒட்டுவதில் எங்கள் வீட்டில் விட்டுக்கொடுத்தலே கிடையாது. சுவரில் ஐஸ் அரை விரல் தடிமனுக்கு வந்தால் நிறுத்திக் கரைக்க வேண்டும். அதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்த நேரம் பொங்கலுக்கு முந்தைய வாரம். அப்போது பெட்டியில் அநேகமாக ஒன்றும் இருக்காது, அடுத்த வாரம் மொச்சையும் வந்துவிடும். வந்த மொச்சையை ஒரே நாளில் உள்ளே திணிப்பதில்லை. இந்த அளவுப் பெட்டி ஒரு நாளில் மூன்று, நான்கு கிலோவைத்தான் விரைவாக உறையவைக்கும். மெதுவாக உறைந்தால் பெரிய பனித்துகள்கள் உருவாகிக் காயின் திசுவைக் கிழித்துவிடும். வேகவைக்கும்போது மொச்சை குழைந்துபோகும்.