இன்டர்நெட் ஆர்க்கைவ்: ஒரு மெய்ப்புத் திருத்துநரின் மதிப்புரை

மதுரையில் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். போன மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கட்டுரைத் தொகுப்பு கைக்கு வந்தது. நான்காவது பாரத்தில் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதியைப் பாரம் என்போம்) ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லி, ‘வின்சுலோ அகராதி காண்க’ என்று அடிக்குறிப்புப் போட்டிருந்தார். 1862-இல் சென்னையில் அச்சான தமிழ்-ஆங்கில அகராதி அது. 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. எங்கள் அச்சகத்தில் அதன் படி இல்லை. பாரமோ மறுநாள் காலை இயந்திரத்தில் ஏற வேண்டும். இரவு பத்து மணிக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தைத் திறந்தேன். கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் என் கண்முன் இருந்தது. ஆசிரியர் சொன்ன பொருள் அந்தச் சொல்லுக்கு உரியதில்லை. அதற்கு அடுத்த சொல்லுக்கு உரியது. எடுத்து எழுதும்போது கண் ஒரு வரி கீழே இறங்கிவிட்டிருக்கிறது. காலையில் அழைத்துச் சொன்னேன். “நல்ல வேளை பார்த்தீர்கள் அம்மா, என் பெயரில் தப்பு நின்றிருக்கும்” என்றார்.

சான் பிரான்சிஸ்கோவில் 1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய லாப நோக்கற்ற நூலகம் இது. காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைக் காசில்லாமல் பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம். விளம்பரம் கிடையாது. தமிழ் நூல்களைத் தேடும்போது தலைப்பை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்; ஒன்றில் அகப்படாதது இன்னொன்றில் அகப்படும். பக்கத்தைப் பெரிதாக்கும் வசதிதான் எனக்கு உயிர். பழைய அச்சில் ‘ர’ எழுத்தும் துணைக்காலும் ஒரே உருவில் இருக்கும். எது எழுத்து, எது கால் என்று முன்பின் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘னை’, ‘ணா’, ‘றா’ எல்லாம் பழைய கொம்பும் சுழியுமாக வரும். எழுத்தை விரல் அளவுக்குப் பெரிதாக்கினால் மை கசிந்த இடம்கூடத் தெரிகிறது. ஒரு நூலில் பக்கத்தின் ஓரத்தில் படியெடுத்தவரின் கட்டைவிரல் நுனியும் பதிந்திருந்தது. யாரோ ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டியிருக்கிறார்.

இணையச் சுட்டிகளை அடிக்குறிப்பாகத் தரும் ஆசிரியர்கள் இப்போது அதிகம். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் பாதிச் சுட்டி செத்திருக்கும். வேபேக் மெஷின் என்ற பகுதியில் அந்தச் சுட்டியை இட்டால், பக்கம் அங்கே சேமிக்கப்பட்டிருந்தால், அது முன்பு எப்படி இருந்தது என்பதைத் தேதியோடு காட்டும். 2001 முதல் இது எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

இப்படிப்பட்ட நூலகத்தின் கதவைத்தான் 2017 ஆகஸ்டில் இந்தியாவில் பூட்டினார்கள். இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகள் பரவாமல் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை வாங்கப்பட்டது. தடுக்க வேண்டிய முகவரிகள் 2,650-க்கு மேல். அந்தப் பட்டியலில் ஆர்க்கைவின் முழு முகவரியும் இருந்தது. எந்தப் படம், எந்தப் பக்கம் என்று தங்களிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை என்று ஆர்க்கைவ் தரப்பு அப்போது சொன்னது. தடை பிறகு விலகியது. ஆனால் இதே நீதிமன்றம் 2012 ஜூனிலேயே இன்னொரு வழக்கில், திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட சுட்டியை மட்டும் தடுக்க வேண்டும், தளத்தையே தடுக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியிருந்தது. ஒரு பாரத்தில் பிழை கண்டால் அந்த எழுத்தைச் சுழித்து ஓரத்தில் திருத்தம் எழுதுவேன். பாரத்தையே கிழித்துப் போட்டால் மறுநாள் எனக்கு அங்கே வேலை இருக்காது.

2011-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்த சோப்பா, பீப்பா மசோதாக்கள் இந்தப் பூட்டைச் சட்டமாகவே ஆக்கப் பார்த்தன. காப்புரிமையை மீறுவதாகச் சொல்லப்படும் வெளிநாட்டுத் தளத்தைத் தேடுபொறி காட்டக் கூடாது, பணப் பரிமாற்றம் நடக்கக் கூடாது, விளம்பரம் போகக் கூடாது. முகவரியைத் தட்டினாலும் இணைய நிறுவனம் அங்கே கொண்டுபோகக் கூடாது. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன்னை இருட்டாக்கிக்கொண்டது. ஆர்க்கைவ் 12 மணி நேரம் மூடிக்கொண்டது. இரண்டே நாளில் இரண்டு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன. அன்று எதிர்த்தவர்கள் அஞ்சியது வெறும் கற்பனையில்லை என்பதை 2017-இல் நாம் இங்கே கண்ணால் பார்த்தோம்.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 2019 மார்ச் 26 அன்று நிறைவேறிய காப்புரிமை நெறிமுறையின் 17-ஆம் பிரிவு வேறொரு வழியில் வருகிறது. பயனர்கள் ஏற்றும் படைப்புகளுக்குப் பெரிய தளங்களே பொறுப்பு. அப்படியென்றால் அந்தத் தளங்கள், ஏற்றுவதைத் தானாகவே சோதித்து முடக்கும் இயந்திர வடிகட்டியைத்தான் நம்பும். இயந்திரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையே போதும். என் அண்ணன் மகள் பள்ளி விழாவில் பாடிய திருப்புகழை அண்ணன் ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினார். மறுநாளே அது ஏதோ ஓர் இசை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று முடக்கிவிட்டார்கள். அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டுக்காரர். பாடியது பதினொரு வயதுக் குழந்தை. முறையிட்டு மீட்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் “நான் திருடினேனா அத்தை?” என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை என்னால் மறக்க முடியவில்லை.

எழுத்தாளருக்கு உரிமைத்தொகை போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. எங்கள் அச்சகமே அந்தப் பிழைப்பில்தான் ஓடுகிறது. ஆர்க்கைவும் எல்லாவற்றிலும் சரி என்று சொல்ல மாட்டேன். காப்புரிமை உள்ள நூல்களைப் படியெடுத்து இரவல் கொடுத்ததற்காக 2020-இல் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023-இல் தீர்ப்பு ஆர்க்கைவுக்கு எதிராக வந்தது, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து போயின. படிப்பவளாக எனக்கு அது பெரிய இழப்பு. ஆனாலும் அங்கே இரு தரப்பும் பேசின, நூல்கள் போயின, நூலகம் திறந்தே இருந்தது. என் வின்சுலோ இருந்த இடத்தில் இருந்தது.

நம் காப்புரிமைச் சட்டத்திலேயே 52-ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் அந்தப் படைப்புக்கான அணுகலைத் தளம் 21 நாள் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் அவர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் திரும்பத் திறக்கலாம். புகார் ஒரு படைப்பின் மேல், நடவடிக்கையும் அந்த ஒரு படைப்பின் மேல். இதைவிட்டு முழு முகவரியைப் பூட்டும் எந்தப் புதிய மசோதா வந்தாலும், அது எந்த நாட்டில் வந்தாலும், நான் எதிர்ப்பேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து. எங்கள் அச்சகம் 1958 முதல் ஆறு ஆண்டுகள் நடத்திய சிறுவர் இதழின் பிரதிகள் மாடியில் கட்டிக் கிடக்கின்றன. உரிமை முதலாளியிடம் இருக்கிறது. ஆர்க்கைவில் ஏற்றச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். முதல் கட்டைச் சனிக்கிழமை பிரிக்கிறோம்.