84 ரூபா 38 சதம்

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு சுப்பர்மார்க்கட் வாசலில் மேசை போட்டு நின்ற பிள்ளைகள் என் மச்சானைப் பிடித்துவிட்டார்கள். "முதல் வருசம் கட்டணம் இல்லையாம், எடுக்கட்டா?" என்று வட்ஸ்அப்பில் கேட்டான். அதே வங்கி, அதே கிரெடிட் கார்ட். ஆறு வருடம் பாவித்து 2023 கடைசியில் மூடியவன் நான்.

கார்டில் குறை சொன்னால் நாக்கு அழுகும். எங்கள் வீட்டு பிரிட்ஜ் அதில்தான் வந்தது, வட்டியில்லாமல் 12 மாதத் தவணை. வார இறுதியில் மரக்கறிக்குக் கழிவு. 2022இல் சம்பளம் பத்தாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டத் தொடங்கியதுதான் என் பிழை. அதற்கு வங்கியைத் திட்ட முடியாது.

மூடுவதற்கு ஹொட்லைன். தமிழுக்கு இரண்டை அழுத்தினால் "ஆயுபோவன்" என்று வரும். சரி, சிங்களத்திலேயே கதைத்தேன். வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம் என்றார்கள். லிமிட்டைக் கூட்டித் தருகிறோம் என்றார்கள். கடனை விட்டு ஓடுகிறவனுக்கு இன்னும் கடன்! கடைசியில் கிளைக்குக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, மனைவியின் துணை அட்டை எல்லாம் கொடுத்து, சிப்பின் மேலால் வெட்டினார்கள். சேர்த்த பொயின்ட்ஸை முதலே எடுக்க மறந்துவிட்டேன். அதுவும் போச்சு.

இனித்தான் கதை. ஸ்டேட்மென்டில் இருந்த 10,000 ரூபாவைச் சதம் பிசகாமல் கட்டியிருந்தேன். அடுத்த மாதம் 84 ரூபா 38 சதம் என்று ஒரு ஸ்டேட்மென்ட் வந்தது. ஈமெயிலில் எங்கோ புதைந்து கிடந்ததால் நான் பார்க்கவில்லை. அதற்கடுத்த மாதம் அதன் தலையில் 1,500 ரூபா தாமதக் கட்டணம். வெட்டி எறிந்த கார்டுக்கு!

கிளையில் இருந்த தங்கச்சி கோபிக்காமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அந்த ஆகஸ்டில்தான் மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு வருடம் 28 வீதம் என்று உச்சவரம்பு போட்டிருந்தது. பழைய பாக்கி இருக்கும்வரை வட்டி நாள்கணக்கில் ஓடும். ஸ்டேட்மென்ட் அடித்த நாளுக்கும் நான் கட்டிய நாளுக்கும் இடையில் 11 நாள். போனிலேயே போட்டுப் பார்த்தேன், சரியாக 84.38. கணக்கில் பிழையில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மூட வருகிறவனிடம் "இன்றைய தேதிவரை இவ்வளவு" என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?

தாமதக் கட்டணத்தை அவர் அங்கேயே நீக்கித் தந்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நான் 85 ரூபா கட்டினேன். சதத்துக்கு இந்த ஊரில் எங்கே போவது? அடுத்த மாதம் ஸ்டேட்மென்ட்: வங்கி எனக்குத் தர வேண்டியது 62 சதம். அந்த 62 சதத்தைப் பூச்சியமாக்க இன்னொரு கையெழுத்து, இன்னொரு அரைநாள் லீவு.

மச்சானுக்குச் சொன்னது இது. மூடுகிற நாளில் ஸ்டேட்மென்டைப் பார்த்துக் கட்டாதே, அன்றைய முழுத்தொகையைக் கேட்டுக் கட்டு. மூடிய கடிதம் கையில் வராமல் கிளையை விட்டு இறங்காதே. இழுத்தடித்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு, அதற்கும் அசையாவிட்டால் மத்திய வங்கியின் 1935 ஹொட்லைன். பிறகு உன் கிரிப் அறிக்கையை, அதாவது நீ எடுத்த கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கையை, எடுத்துப் பார். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனால் எந்த வங்கியும் முதலில் அதைத்தான் புரட்டும்.

"அப்ப எடுக்கவா, வேண்டாமா?" என்றான்.

எடு என்றேன். நல்ல கார்ட். ஆனால் தை மாதம் அந்த வங்கி காலண்டர் தந்தால் என் வீட்டுக்குக் கொண்டுவராதே.