கவரேஜா, மியூட்டேஷன் டெஸ்டிங்கா?

கோடின் சின்னப் பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்களின் தரத்தை அளக்க எதை நம்புவது என்று குழம்புகிறீர்களா? டெஸ்ட்கள் கோடில் எவ்வளவை ஓட்டின என்று பார்ப்பது கவரேஜ்; கோடை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி, டெஸ்ட்கள் அதைப் பிடிக்கின்றனவா என்று பார்ப்பது மியூட்டேஷன் டெஸ்டிங். ஜாவாவில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நேரம்: ஜாகோகோ (JaCoCo) என்ற கருவி தரும் கவரேஜ் வழக்கமான டெஸ்ட் ஓட்டத்தோடு சேர்ந்தே வந்துவிடும். மியூட்டேஷன் டெஸ்டிங் கருவியான பிட் (PIT), கோடில் தான் செய்யும் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் தொடர்புள்ள டெஸ்ட்களை மறுபடி ஓட்டும், பெரிய புராஜெக்டில் ரொம்பவே இழுக்கும்.

நம்பகம்: எந்தெந்தக் கோடு ஓடியது என்று மட்டும்தான் கவரேஜ் சொல்லும், அசெர்ட் (விடை சரியா என்று பார்க்கும் வரி) ஒன்றுகூட இல்லாவிட்டாலும் 100% காட்டும். பிட் அப்படி விடாது. வயது >= 18 என்ற வரியை 10, 25 வைத்துச் சோதித்திருந்தோம், கவரேஜ் முழுசு, ஆனால் பிட் அதை > 18 என்று மாற்றியும் எல்லா டெஸ்டும் பாஸ். 18-ஐ யாருமே சோதிக்கவில்லை!

டெஸ்டே இல்லாத பழைய கோடா? சரி, முதலில் கவரேஜ் போதும். வட்டி, வரி கணக்கிடும் பகுதிக்குக் கட்டாயம் பிட் ஓட்டுங்கள். மாறிய கிளாஸ்களுக்கு மட்டும் ஓட்டினால் நேரமும் பெரிதாகப் போகாது.