80 லட்சம் சுற்றுக்கு அப்புறம் ஒரு கம்பி

இந்த சைக்கிளை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. மீட்டர் 21,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஸ்டீல் ஃப்ரேம், 47 மில்லிமீட்டர் அகல டயர், சக்கர விளிம்பைப் பிடிக்கும் வி-பிரேக், முன்சக்கரத்தின் நடுவில் மின்சாரம் எடுக்கும் டைனமோ ஹப், தோல் சீட். வாங்கும்போது நான் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் ஃப்ரேமைப் பற்றித்தான். அதைப் பற்றி இன்று சொல்ல ஒன்றுமே இல்லை. இரண்டு இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது, அவ்வளவுதான். என் பேச்செல்லாம் பின்சக்கரத்தைப் பற்றி.

போன பயணத்தில் ஒரு நாள். அடுத்த தண்ணீர் 85 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் ஊர் கிடையாது, போன் சிக்னல் கிடையாது. எட்டு லிட்டர் தண்ணீரை, அதாவது எட்டு கிலோவை, மொத்தமாகப் பின் கேரியரில் கட்டினேன். அதுதான் வசதி. சோம்பல் என்று சொன்னால் இன்னும் சரி. மண் ரோடு முழுக்கக் குறுக்கே வரிவரியாக மடிப்பு விழுந்து, பல் கிட்டிக்கிற மாதிரி குலுக்கியது. 31-வது கிலோமீட்டரில் 'டிங்' என்று ஒரு சத்தம். கல் தெறித்தது என்று நினைத்தேன். பத்தடி போவதற்குள் சக்கரம் கோணி, பிரேக் கட்டை உரச ஆரம்பித்தது.

பின்சக்கரத்தின் வலது பக்க ஸ்போக்ஸ் கம்பி ஒன்று, ஹப்பை ஒட்டி வளையும் இடத்தில் ஒடிந்திருந்தது. பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலது பக்கக் கம்பிகள் இடது பக்கத்தைவிட விறைப்பாக இருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற, கம்பி தரைப்பக்கம் வரும்போது சற்றுத் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகும். கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று. அதுவரை ஓடிய 18,000 கிலோமீட்டருக்கு 80 லட்சம் தடவை! பாரம் ஏற ஏற ஒவ்வொரு தளர்வும் பெரிதாகும். ஒரு ஆணியை வளைத்து வளைத்து முறிப்பது போலத்தான்.

உதிரிக் கம்பி மூன்று கையில் இருந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் வலது பக்கம் மாட்டக் காசெட்டை, அதாவது அந்தப் பல்சக்கரக் கொத்தை, கழற்ற வேண்டும், கழற்றும் கருவி வீட்டில் இருந்தது. காப்பாற்றியது பையின் அடியில் மறந்து கிடந்த, கெவ்லர் என்ற உறுதியான நூலால் ஆன அவசர ஸ்போக்ஸ். அதன் திருகு முனையைப் பழைய நிப்பிளில் (கம்பியைச் சக்கர விளிம்பில் பிடிக்கும் சின்னத் திருகு) மாட்டி, நூலை ஹப் ஓட்டையில் கோத்து இழுத்துக் கட்டி, அப்புறம் நிப்பிளைத் திருகி இறுக்கினேன். காசெட்டைத் தொடவே வேண்டாம். கோட்டம் முழுதாகப் போகவில்லை, உரசல் நின்றது. 36 கம்பி சக்கரம் என்பதால் மீதிக் கம்பிகளும் தாங்கின.

சரி, தண்ணீரை முன்சக்கரப் பைகளுக்கு மாற்றினேன். என் முன்சக்கரத்தில் இரண்டு பக்கக் கம்பிகளுக்கும் ஒரே இறுக்கம், அது பாரத்தை நன்றாகத் தாங்கும். ஹேண்டில்பார் கனத்தது, ஆனால் வண்டி முன்பைவிட நேராகப் போனது. பின்டயரில் காற்றையும் 50 பிஎஸ்ஐ-யிலிருந்து 38-க்கு இறக்கினேன். காலையிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இரண்டும்.

மீதி 54 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். டைனமோவின் உண்மையான முகம் அன்றுதான் தெரிந்தது. 6 வோல்ட், 3 வாட் என்று போட்டிருப்பார்கள். அந்த 3 வாட் வர மணிக்கு 15 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். நான் போனது 9. விளக்கு எரிந்தது, போனில் சார்ஜ் ஏறவில்லை.

தோல் சீட் முதல் 800 கிலோமீட்டர் கொடுமை, அப்புறம் அது இருப்பதே மறந்துபோனது. மழையில் மட்டும் மூடி வையுங்கள், நனைந்தபடி உட்கார்ந்தால் தொய்ந்துவிடும்.

திரும்பி வந்ததும் பின்சக்கரத்தைப் புதுக் கம்பி போட்டு, எல்லாவற்றையும் சமமாக இறுக்கிக் கட்டினேன். 3,200 கிலோமீட்டர் ஆகிறது, ஒன்றும் ஒடியவில்லை. வாரம் ஒரு முறை கம்பிகளை நகத்தால் சுண்டிப் பார்ப்பேன், ஒரே பக்கத்தில் ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்கிறது. காசெட் கழற்றும் கருவி இப்போது முன்சக்கரப் பையில், தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.