விருந்தா, வட்டமா, மண்ணா: இனக்காயம் ஆற ஊர் கூடும்போது எதைத் தேர்வது?

ஜனவரியின் மூன்றாவது திங்கள் அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நாள். அதற்கு மறுநாளை, இனவெறி உண்டாக்கிய காயங்களை ஆற்றுவதற்கான நாளாக டபிள்யூ.கே. கெல்லாக் அறக்கட்டளை 2017இல் தொடங்கியது. இப்படியொரு நிகழ்ச்சியைத் திட்டமிட உட்காரும் குழுவில் பெரும்பாலும் மூன்று யோசனைகள் எழும்: எல்லா இன மக்களின் உணவும் பாட்டும் சேர்ந்த திருவிழா, சிலர் மட்டும் வட்டமாக அமர்ந்து மனம்விட்டுப் பேசுவது, அந்த மண்ணில் நடந்த கொடுமையைப் பெயர் சொல்லி நினைவுகூர்வது.

திருவிழாவுக்குக் கூட்டம் சேரும். குழந்தைகள் வருவார்கள். இனவெறி என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கிப் போகிறவர்களும் எட்டிப்பார்ப்பார்கள். நகராட்சியும் கடைக்காரர்களும் தயங்காமல் பணம் தருவார்கள். ஆனால் அங்கே யார் சமைக்கிறார்கள், யார் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். காயம்பட்ட சமூகமே ஆடிப்பாடிப் பரிமாறவும் செய்து, மற்றவர்கள் ரசித்துவிட்டுக் கிளம்பினால் எந்தக் காயமும் ஆறாது. மனிதர்கள் பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூடி உழைப்பது, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு. விருந்தாளியும் பரிமாறுபவருமாகப் பிரிந்து நிற்கும் விழாவில் முதல் மூன்றுமே கிடைப்பதில்லை. எல்லாரும் ஒரே அடுக்களையில் நின்று சேர்ந்து சமைத்தால் கொஞ்சம் கிடைக்கும்.

வட்ட உரையாடல் இதற்கு நேர் எதிர். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் தாங்காது. கையில் ஒரு பொருள் சுற்றி வரும். அது யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். பேச விருப்பமில்லை என்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். விவாதமோ தீர்ப்போ கிடையாது. இதன் பலமே, வழக்கமாக அதிகம் பேசுகிறவர் வேறு வழியின்றிக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. வட்டத்தில் ஒரேயொரு கறுப்பினத்தவர் இருந்தால், மற்றவர்களுக்குப் பாடம் நடத்தும் சுமை அவர் தலையில் விழும். தன் வாழ்வின் மிகக் கசப்பான நாளை அந்நியர்கள் முன் எடுத்துவைத்துவிட்டு அவர் தனியாக வீடு திரும்ப வேண்டியிருக்கும். இது பெரிய அநியாயம். எனவே வெவ்வேறு இனப் பின்னணியுள்ள, பயிற்சி பெற்ற இருவர் சேர்ந்து நடத்த வேண்டும்; அவர்கள் உழைப்புக்கு ஊதியம் தர வேண்டும். இதற்குப் பணமில்லை என்றால் மேடை அலங்காரத்தில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

மூன்றாவது வழிதான் கடினம். அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் உள்ள ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற சமநீதி அமைப்பு, கறுப்பின மக்கள் கும்பலால் கொல்லப்பட்ட இடங்களிலிருந்து உள்ளூர் மக்களே மண் எடுத்து, கொல்லப்பட்டவரின் பெயர் எழுதிய கண்ணாடிக் குடுவையில் நிரப்பும் நிகழ்ச்சிகளை நடத்திவருகிறது. 1877 முதல் 1950 வரை இப்படிக் கொல்லப்பட்ட 4,400க்கும் மேற்பட்டோருக்காக 2018இல் அங்கே நினைவகமும் திறந்தது. கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஓர் எஃகுத் தூண் என 800க்கும் மேற்பட்ட தூண்கள் அதில் உள்ளன. மண் எடுக்கும்போது யாரும் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை. பாட்டியும் பேரனும் ஒரே குடுவையில் பிடி மண் போடலாம். கருத்துச் சொல்லத் தெரியாதவரும் இதில் பங்கெடுக்க முடியும் என்பதால், மூன்றில் எல்லாரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. கொல்லப்பட்டவரின் வாரிசுகளைத் தேடிப் போய், அவர்கள் சம்மதம் பெற்று, தேதியையும் அவர்கள் வசதிப்படி வைக்க வேண்டும். எதிர்ப்பும் வரும், உண்மை வெளிவரப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1979 நவம்பர் 3 அன்று கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறிக் கும்பலும் நாஜி ஆட்களும் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதை விசாரிக்கக் குடிமக்களே அமைத்த உண்மை ஆணையத்தின் அறிக்கை 2006இல்தான் வந்தது.

எதைத் தேர்ந்தாலும் தவிர்க்க முடியாத ஏற்பாடுகள் சில உண்டு: சக்கர நாற்காலி நுழையும் வாசல், சைகை மொழிபெயர்ப்பாளர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஒத்துவரும் நேரம், பேருந்து போகும் இடம். வாசலில் சீருடைக் காவலர் நிற்பது சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்குப் பயம். காவலர் வேண்டுமா என்பதை, பயப்படுகிறவர்களிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஊரில் பதிவான கொலையோ தீவைப்போ இருந்தால் நினைவுகூரலையே முதலில் வைப்பேன். அன்று மாலையே சிறு சிறு வட்டங்கள். அப்படி எதுவும் பதிவில் இல்லாமல், மக்களிடையே நம்பிக்கையும் இல்லாத ஊரில், மாதம் ஒரு வட்டம் என்று ஓராண்டாவது நடத்தலாம். திருவிழாவை அதற்குப் பிறகு, அந்த வட்டங்களில் அமர்ந்தவர்களே கூடித் திட்டமிடட்டும்.