கிளிநொச்சியில் இருந்து மலைக்கு: எந்த வழியால் போவது?

கிளிநொச்சியில் ஏறி ஏ9 வீதியில் விட்டால் வவுனியா வரைக்கும் கடைசிக் கியரை மாற்றத் தேவையில்லை. மாங்குளச் சந்தியில் ஒருக்கா, புளியங்குளத்தில் ஒருக்கா வேகத்தைக் குறைத்தால் சரி. எங்கள் பக்கத்தில் உயரமான இடம் எது என்று யாராவது கேட்டால் இரணைமடுக் குளக்கட்டைத்தான் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் பைக் ஓடிப் பழகியவர்கள் மலைக்குப் புறப்படும்போது முதலில் கேட்பது “எந்த வழி கிட்ட?” என்பதைத்தான். நானும் அப்படித்தான் கேட்டேன். மூன்று வழியாலும் போய் வந்த பிறகு இப்போது நான் பார்ப்பது வேறு: முதலாவது வளைவுக்கு வந்து சேரும்போது உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கும்?

மூன்று வழிகள் என்றேன். ஒன்று, ஏ9 இல் நேரே தெற்கே இறங்கி தம்புள்ளை, மாத்தளை, கண்டி, அங்கிருந்து நுவரெலியா. இரண்டாவது, வவுனியாவில் கிழக்கே திரும்பித் திருகோணமலை, வாகரை, செங்கலடி, பிறகு பிபிலை வழியாகப் பதுளை. மூன்றாவது, மரதன்கடவலவில் ஏ9 ஐ விட்டு ஹபரணை, பொலன்னறுவை, மஹியங்கனை.

கொக்கிளாய் முகத்துவாரத்தில் ஒரு பாலம் இருந்திருந்தால் நாலாவது வழியும் இருந்திருக்கும். முல்லைத்தீவில் இருந்து கடலோரமாகவே புல்மோட்டை, நிலாவெளி என்று போய்விடலாம். அது இல்லாததால் கிழக்குக்குப் போக நினைப்பவரும் முதலில் வவுனியாவுக்கு இறங்கி, அங்கிருந்து கிழக்கே சுற்றி ஓட வேண்டியிருக்கிறது. வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

முதலில் ஏ9. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் 321 கிலோமீற்றர். கிளிநொச்சியில் இருந்து கணக்குப் பார்த்தால் கண்டி 255 அளவில் வரும். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால், மத்தியானச் சாப்பாடு தம்புள்ளையில். வீதி நல்லது, பெற்றோல் செட்டுக்குக் குறைவில்லை, பஞ்சர் என்றால் ஒட்டக் கடையும் கிட்டத்திலேயே இருக்கும். முதல் தடவை நெடுந்தூரம் ஓடுபவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் காட்சி என்று பார்த்தால் நாவுல தாண்டும் வரைக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. மிகிந்தலைக் குன்று ஒரு பக்கம் தெரியும், தம்புள்ளைப் பாறை தெரியும், மற்றபடி லொறிக்குப் பின்னால் லொறி. நாலந்தாவுக்குக் கிட்ட வீதி மெல்ல வளையத் தொடங்கும்போது பின்னேரம் இரண்டு மணி ஆகியிருக்கும். முதுகு விறைத்து, கண் எரிந்து, கை துவண்டு போன நேரத்தில்தான் வளைவு தொடங்குகிறது. அதற்குப் பிறகு மாத்தளை நகரம், அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று நெரிசல். மாத்தளையில் இருந்து உக்குவளை, வத்தேகம பக்கமாகத் திரும்பினால் அதில் பாதி மிச்சம். வீதி ஒடுக்கம், ஆனால் மனம் ஆறும்.

இந்த வழிக்கு ஒரு பெறுமதி உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் காட்டுவழியே நடந்து மாத்தளைக்குப் போனது ஏறத்தாழ இந்தத் தடத்தில்தான். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடந்தார்கள். தலைமன்னார் வீதி வந்து ஏறுகிற மதவாச்சிச் சந்தியில் நாங்கள் பிளேன்ரீ குடிக்க நிறுத்தியபோது என் கூட்டாளி அதைப் பற்றித்தான் கதைத்தான். அவனுடைய அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். வன்னியில் இப்படி எத்தனை வீடுகள்! எங்களுக்கு மலை என்பது சுற்றுலா, அவனுக்கு அது அப்பாயி விட்டுவிட்டு வந்த இடம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் அவன் கற்பூரம் கொளுத்திவிட்டு நின்ற நேரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

கிழக்கு வழி தூரம் கூட. கிளிநொச்சியில் இருந்து திருகோணமலை 175, அங்கிருந்து செங்கலடி 115, செங்கலடியில் இருந்து பதுளை 140 என்று வைத்தால் 430 கிலோமீற்றர். ஆனால் ஏ9 ஆல் போய்க் கண்டி, நுவரெலியா சுற்றிப் பதுளைக்கு வந்தாலும் 390 ஆகிவிடும். வித்தியாசம் நாற்பதுதான். அதற்குக் கிடைப்பது என்னவென்றால், முதல் நாள் ஓடுகிற 290 கிலோமீற்றரும் தட்டை நிலம். மலை ஒன்றுகூட இல்லை. இரவு செங்கலடி, ஏறாவூர்ப் பக்கம் தங்கி, சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுப் படுத்து எழும்பினால், அடுத்த நாள் காலையில் புத்தம் புது உடம்போடு வளைவுக்குப் போகலாம்.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடுகிற ஏ15 ஒரு காலத்தில் பாதைக்குப் பாதை காத்திருந்து கடக்கிற வீதி. பாதை என்றால் வாகனத்தை ஏற்றி ஆற்றைத் தாண்டும் மிதவை. வாகனம் முழுக்க ஏறும் வரைக்கும் அசையாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது மூதூர், வெருகல், வாகரை என்று ஒரு பக்கம் களப்பும் ஒரு பக்கம் பற்றையுமாகப் போகிற வீதியில் வாகனமே குறைவு. வெயில்தான் எதிரி. நிழல் கிடையாது; ஹெல்மெட்டுக்குள் மூளை வேகும். இரண்டு லீற்றர் தண்ணீர் இல்லாமல் மூதூரைத் தாண்ட வேண்டாம்.

அடுத்த நாள் செங்கலடியில் தாங்கியை நிரப்பிக்கொண்டு ஏ5 இல் ஏறினால் பெரிய புல்லுமலை, மகாஓயா, பிபிலை. காடு, வயல், மறுபடி காடு. பிபிலைக்கு அண்மையில் ஒரு இடத்தில் மரங்கள் விலகும். எதிரே நீலமாக ஒரு சுவர் நிற்கும். முகில் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் பத்து நிமிடம் ஓடியும் அது கலையவில்லை, அதில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அருவி. கண்டி வழியில் மலை உங்களை மெல்ல மெல்லத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், எப்போது உள்ளே வந்தீர்கள் என்றே தெரியாது. இங்கே அது முன்னால் வந்து நிற்கிறது. தட்டை நிலத்தில் பிறந்தவனுக்கு இந்த ஒரு காட்சிக்காகவே நாற்பது கிலோமீற்றர் கூட ஓடலாம் என்பது என் கட்சி.

பிறகு லுணுகலை, பசறை. தேயிலை தொடங்குகிறது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் தெரிகின்றன, கடைகளில் தமிழ் கேட்கிறது. லுணுகலையில் ஒரு கடையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்துவிட்டு, “யாழ்ப்பாணமா தம்பி?” என்றார் முதலாளி. “இல்லை அண்ணை, கிளிநொச்சி” என்றேன். “எங்க ஆளுங்க நெறைய பேரு அங்கதானே இருக்காங்க” என்று சொல்லிவிட்டு என் கூட்டாளியை ஒரு தரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் கதைத்தார்கள், நான் ரொட்டியைப் பார்த்தேன்.

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. பொலன்னறுவையில் இருந்து மஹியங்கனைக்குப் போகிற வீதி மகாவலி வயல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கிறது. அழகுதான், ஆனால் வன்னிக்காரனுக்கு வயல் புதிதில்லையே. மஹியங்கனையில் இருந்து கண்டிப் பக்கம் ஏறினால் பதினெட்டு வளைவு. கொண்டை ஊசி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. மேலே நின்று பார்த்தால் ஓடி வந்த சமவெளி முழுவதும் காலடியில். அந்த ஏற்றத்துக்காக மட்டும் போகிறவர்களைத் தெரியும். பின்னுக்கு ஆளும் பொதியும் ஏற்றிக்கொண்டு முதல் தடவையே அங்கே போகாதீர்கள். அத்தோடு வழியில் தமிழ் கதைப்பவர் குறைவு, எங்கள் சிங்களமோ “கீயத” (எவ்வளவு) வரைக்கும்தான். மாத்தளையில் இருந்து றத்தோட்டைப் பக்கம் ஏறுகிற ரிவர்ஸ்டனும் இதே மாதிரித்தான்: தனி ஆள், லேசான பொதி, காய்ந்த வீதி என்றால் போகலாம்.

யானையைப் பொறுத்தவரை கிழக்கு வழியும் மூன்றாவது வழியும் ஒன்றுதான். வவுனியா - ஹொரவப்பொத்தானை வீதி, ஹபரணை - மின்னேரியா, புல்லுமலை - மகாஓயா எல்லாமே யானை கடக்கும் இடங்கள். ஆகவே கிளிநொச்சியில் ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் வவுனியாவுக்கு வரும்போது நன்றாக விடிந்திருக்கும். செங்கலடியில் ஏழுக்கு முதல் ஸ்டார்ட் பண்ணத் தேவையில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு காட்டு வீதியில் இருக்கவே கூடாது.

காலம்தான் வழியைவிட முக்கியம். மாரி மழை ஐப்பசி தொடங்கி மார்கழி கடந்தும் வன்னியை மட்டுமில்லை, பதுளை, பசறை, பிபிலைச் சரிவையும் நனைக்கும். நுவரெலியா, கம்பளைப் பக்கத்துக்கு வைகாசி தொடங்கி தென்மேற்கு மழை. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையக வீதிகளைப் பல இடங்களில் அறுத்ததும் மாரி மழை காலத்தில்தான். மாசி, பங்குனி இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். சித்திரை வருடப் பிறப்புக் கிழமை வேண்டாம், நுவரெலியாவில் படுக்க இடம் கிடைக்காது. எப்போது போனாலும், வெளிக்கிட முதல் நாள் அந்தந்த ஊரில் ஒரு கடைக்காரருக்காவது போன் எடுத்து வீதி எப்படி என்று கேளுங்கள். கூகுள் வரைபடத்தில் வீதி இருக்கும், நிலத்தில் இராது.

இனி பைக். 150 சிசி பல்சர், எஃப்சட் எல்லாம் போதும். 100 சிசி பிளாட்டினாவில் ஒரு ஆள் தாராளமாகப் போகலாம். கிழக்கால் போய் ஏ9 ஆல் திரும்பினால் மொத்தம் 850 கிலோமீற்றர் வரும், லீற்றருக்கு நாற்பது ஓடினால் 21, 22 லீற்றர் பெற்றோல். எங்களுக்குத் தெரியாத சங்கதி இரண்டு. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர். அங்கே காற்று அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபரேற்றர் பைக் திணறும், இழுவை குறையும். அதிலும் விடியக் குளிரில் ஸ்டார்ட் ஆகாது. சோக்கை இழுப்போம் என்றால் என் பைக்கில் சோக் அசையவே இல்லை. வன்னி வெயிலில் அதைத் தொட்டு எத்தனை வருடம்! வயர் துருப்பிடித்து இறுகிவிட்டது. விறைத்த கையால் அரை மணித்தியாலம் தள்ளி, கடைசியில் இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணினோம்.

இரண்டாவது பிரேக். லபுக்கலையில் இருந்து றம்பொடைக்கு இறங்கும்போது பின்னுக்குக் கூட்டாளி, அவனுக்குப் பின்னால் பொதி. நான் தட்டை வீதிப் பழக்கத்தில் மேல் கியரிலேயே விட்டு, பின் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். ஒரு வளைவில் பெடல் பொதக்கென்று கீழே போனது. கருகிய மணம். முன் பிரேக்கைப் பிடித்து, ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் சரளைக் கல்லுக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். டிரம்மில் தண்ணீர் ஊற்றப் போனவனைக் கடைக்காரர் பிடித்து இழுத்தார். “ஊத்தாதீங்க தம்பி, வெடிச்சிரும். தானா ஆறட்டும். எந்தக் கியர்ல வந்தீங்க?” சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். “எந்தக் கியர்ல ஏறுவீங்களோ, அதே கியர்லதான் எறங்கணும்.” முக்கால் மணித்தியாலம் இருந்தோம். காசு தர இரண்டு தேத்தண்ணிக்கு மட்டும் வாங்கினார். 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லையிலும் செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்த செய்தியை வாசித்தபோது அந்தக் கருகிய மணம்தான் மூக்கில் வந்தது.

ஆகவே என் கணக்கு இது. கிழக்கால் ஏறி, பசறை, பதுளை, எல்ல, பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா என்று போய், கண்டியால் இறங்கி ஏ9 இல் வீட்டுக்கு. ஏ9 திரும்பி வரத்தான் நல்லது: களைத்த உடம்புக்கு நேர் வீதி, கண்ணை மூடித் திறந்தால் வவுனியா, முறிகண்டியில் மிச்சத் தேங்காயையும் உடைக்கலாம். மூன்று நாள் மட்டும்தான் லீவு என்றால் கிழக்கை விடுங்கள். ஏ9 ஆல் போய் மாத்தளையிலேயே இரவு தங்கி, மலையை அடுத்த நாள் காலைக்கு வையுங்கள். ஐந்து நாள் இருந்தால் யோசிக்க வேண்டாம்.

நாங்கள் வருகிற மாசிக் கடைசியில் வெளிக்கிடுகிறோம். கூட்டாளிக்கு இந்த முறை பசறையில் ஒரு நாள் கூட வேண்டுமாம், அப்பாயி சொன்ன தோட்டத்தின் பெயர் கிடைத்திருக்கிறது, அதில் எந்த டிவிசன், அதாவது எந்தப் பிரிவு, என்றுதான் தெரியவில்லை. பின் பிரேக் சூ புதிதாகப் போட்டாயிற்று. சோக் வயருக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன், தினமும் காலையில் ஒரு தரம் சும்மா இழுத்துப் பார்க்கிறேன்.